பர்லியார் மேகமும் ஒரு நீலப் பெட்டியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைப்பாதையில் போனவங்களுக்கு பர்லியாரைத் தெரியாமல் இருக்காது. கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிச்சு, வயிறு லேசா கலங்குற நேரத்துல வர்ற ஊர். 1871-ல் தொடங்கின அரசுப் பழப்பண்ணை இங்கேதான் இருக்கு. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்புன்னு சமவெளிக்காரங்க அதிகம் பார்க்காத மரமெல்லாம் உண்டு. ஆனா இந்தப் பதிவு பழத்தைப் பற்றியது இல்லை. மேகத்தைப் பற்றியது.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஈரக்காற்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. நூறு மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. ஒரு உயரம் வந்ததும் ஈரம் துளியாகிவிடும். கல்லாறில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மலையில் தங்கின மேகம். காட்டேரியில் ரோட்டோரம் நிற்பவருக்கு அதே சமாச்சாரம் மிஸ்ட்டு. பேர்தான் வேற. இங்கே வளர்ந்தவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். அது சொல்லிட்டு வராது. எதிர்மலை பளிச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். டீ கிளாஸை வெச்சுட்டு நிமிர்ந்தா மலை இருக்காது.

2021 டிசம்பர் 8-ஆம் தேதி நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். காலை 11.48-க்கு கோவை சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் கிளம்பியது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேர். 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். வெறும் 27 நிமிஷப் பயணம். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறைக்குத் தொடர்பு அறுந்தது. காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரம் என்ற சின்னக் குடியிருப்பை ஒட்டிய சரிவில் விழுந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த ஊர் ஜனங்கள் குடத்தில் தண்ணீரும் கையில் போர்வையுமாக ஓடினார்கள். அன்றைக்கே 13 பேர் போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15-ல் பெங்களூரில் காலமானார்.

முப்படை விசாரணைக் குழு அமைத்தார்கள். 2022 ஜனவரியில் முதற்கட்ட முடிவு வந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. பைலட்டுக்குத் திசை மயக்கம் ஏற்பட்டது. நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் நிலத்தில் மோதியது. இதுதான் சாரம். மூணு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு அறிக்கை வைத்தது. 2017 முதல் 2022 வரையிலான திட்ட காலத்தில் விமானப்படைக்கு நேர்ந்த 34 விபத்துகளின் பட்டியல் அதில் இருந்தது. குன்னூர் விபத்துக்கு நேராகக் காரணம் என்ற இடத்தில், 'மனிதத் தவறு - விமானக் குழு'.

அவ்வளவுதான். ரெண்டு மூணு வார்த்தை.

எனக்கு இந்த வார்த்தைதான் உறுத்தல். பொய்யென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதோடு பக்கத்தை மூடிவிட்டால் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். மேகத்துக்குள் மனிதன் ஏன் தவறுகிறான், அதைத் தரையிலேயே பழக்க முடியுமா, பழகினவனை எப்படி அளப்பது - இந்த மூணு கேள்விக்கும் நூறு வருஷ சரித்திரம் இருக்கு. அதைக் கொஞ்சம் பார்த்துட்டு மறுபடி காட்டேரிக்கு வருவோம். பொறுமையா கூட வாங்க.

காது சொல்லும் பொய்

சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்க. சுத்திட்டு நின்னா, நீங்க நின்ன பிறகும் உலகம் எதிர்ப்பக்கமா சுத்தும். காரணம் உள்காதில் இருக்கிறது. மூணு சின்ன வளையக் குழாய்கள், அதுக்குள்ள திரவம். தலை திரும்பினால் திரவம் கொஞ்சம் பின்தங்கும். அதைக் கொண்டு மூளை 'திரும்புகிறோம்' என்று தெரிந்துகொள்கிறது. ஆனால் ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் சில பத்து விநாடிகளில் திரவமும் அந்த வேகத்துக்கு வந்துவிடும். அப்புறம் 'நேராகப் போகிறோம்' என்று காது சாதிக்கும். திரும்புவதை நிறுத்தினால் 'எதிர்ப்பக்கம் திரும்புகிறோம்' என்று கத்தும். ரொம்ப மெதுவாகச் சாய்ந்தால் காதுக்கு அது தெரியவே தெரியாது.

தரையில் இருக்கும்போது கண் இதைத் திருத்திவிடுகிறது. மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. விமானம் சாய்ந்திருக்கும், ஓட்டுபவர் நேராக இருப்பதாகச் சத்தியம் செய்வார். இதுதான் திசை மயக்கம். திறமைக் குறைவு இல்லை, பயம் இல்லை. உடம்பின் அமைப்பே அப்படி.

இதை முதலில் ஒழுங்காகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கர். 1926-ல் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. டேவிட் மையர்ஸ் என்ற டாக்டர் அவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, சுற்றிவிட்டு, 'எந்தப் பக்கம் சுத்துறீங்க?' என்றார். அனுபவசாலியான ஆக்கர் சொன்ன பதில் தப்பு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போய் ஒரு பெட்டி செய்து, அதற்குள் விமானத்தில் இருக்கும் திரும்பல் காட்டும் கருவியையும் ஒரு விளக்கையும் வைத்து எடுத்து வந்தார். பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எல்லாம் சரி. காதை நம்பாதே, முள்ளை நம்பு - இன்றைக்கும் கருவி பார்த்து ஓட்டும் பயிற்சியின் முதல் பாடம் இதுதான்.

சொல்வது சுலபம். உடம்பே 'தப்பு தப்பு' என்று அலறும்போது ஒரு சின்ன முள்ளை நம்புவது சுலபமில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும். நிஜ மேகத்துக்குள் போய்ப் பழகுவதென்றால், பாடம் முடிவதற்குள் மாணவர் முடிந்துவிடுவார்.

ஆர்மோனியத்தின் தம்பி

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊர். அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை. ஆர்கன் என்றால் காற்றால் பாடும் பெட்டி. நம்ம பஜனை மடத்து ஆர்மோனியத்துக்கு அண்ணன் முறை. துருத்தி, காற்றுக் குழாய், வால்வு - இதெல்லாம் லிங்க்குக்குக் கைவந்த கலை. விமானம் ஓட்டக் கற்க ஆசை, ஆனால் ஃபீஸ் யானை விலை. அதனால் அந்தத் துருத்திகளை வைத்தே ஒரு குட்டி விமானத்தைக் கட்டினார். உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கைச் சாய்த்தால், துருத்தி ஊதி, பெட்டி சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

யாரும் சீந்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள், காசு போட்டு ஆடும் ராட்டினம் மாதிரி!

அதே 1929 செப்டம்பரில் ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, வெளியே ஒன்றும் தெரியாதபடி மூடின விமானத்தில் கருவிகளை மட்டும் பார்த்து மேலேறி, ஒரு சுற்று வந்து, இறங்கியும் காட்டினார். முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. எல்லோருக்கும் எப்படிக் கற்றுத் தருவது என்பதுதான் பாக்கி.

அதற்கு உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியாரிடமிருந்து தபால் விமானப் போக்குவரத்தைப் பிடுங்கி ராணுவத்திடம் கொடுத்தது. குளிர்காலம். மேகம், பனி, இரவு. ராணுவ விமானிகளில் பெரும்பாலோருக்குக் கருவி பார்த்து ஓட்டும் பழக்கம் கிடையாது. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கைத் தேடியது. செயல்முறை காட்டச் சொல்லிக் கூப்பிட்ட அன்று விமான நிலையத்தில் அடர்ந்த மூடுபனி. 'இவர் எங்கே வரப்போகிறார்' என்று அதிகாரிகள் கிளம்பப் பார்த்தபோது, மூடுபனிக்குள்ளிருந்து லிங்க் தானே விமானத்தை ஓட்டி வந்து இறங்கினார் என்பார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் வேணுமா? ஆறு பெட்டிகள், ஒன்று 3,500 டாலர் வீதம் ஆர்டர்.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறக்குறைய 10,000 பெட்டிகள். ஐந்து லட்சம் பேர் பழகியதாகக் கணக்கு. நீலப் பெயின்ட் அடித்திருந்ததால் 'நீலப் பெட்டி' என்றே பெயராகிவிட்டது.

நண்டு

நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதன் மேல் வரைபடம். வரைபடத்தின் மேல் மூன்று சக்கரம் வைத்த ஒரு சின்னக் கருவி, மை தடவிக்கொண்டு ஊர்ந்து போகும். அதன் பெயர் 'நண்டு'. உள்ளே மாணவர் ஓட்டும் போக்கெல்லாம் வெளியே காகிதத்தில் கோடாக விழும். வாத்தியார் மேஜை முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டியைத் திறந்து மாணவர் வெளியே வந்ததும் கோட்டைக் காட்டுவார். 'தம்பி, நீ நேராகப் போனதாக நினைத்த இடம் இது.' அங்கே கோடு வட்டமடித்திருக்கும்.

எனக்குத் தெரிந்து விமானியின் திறமையைக் காகிதத்தில் பதிந்த ஆரம்பகால அளவுகோல்களில் இது ஒன்று. அதுவரை வாத்தியாரின் அபிப்பிராயம்தான் மார்க். 'நல்லா ஓட்டுறான்', 'கை சரியில்லை', அவ்வளவே. நண்டுக்கு அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் நண்டுக்கு ஒரு குறை உண்டு. விமானம் எங்கே போனது என்று மட்டும்தான் அது வரையும். ஓட்டுபவர் ஏன் அங்கே போனார் என்று வரையாது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில் வேணும்.

178 விநாடி

1954-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை நிஜ விமானத்தில், பக்கத்தில் ஆசிரியர் இருக்க, வெளியே தெரியாதபடி பார்வையை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். அதாவது தவறி மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் என்னவாகும்? இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 விநாடியிலேயே, ஒருவர் 480 விநாடி தாக்குப்பிடித்து. சராசரி 178 விநாடி. மூணு நிமிஷத்துக்கு ரெண்டு விநாடி கம்மி.

உலகத்துப் பைலட் பள்ளிகளில் எல்லாம் அந்த 178-ஐ இன்றும் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதிகம் பேர் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அந்தச் சோதனையின் நோக்கமே பயமுறுத்துவது இல்லை. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் அமைதியாக அரை வட்டமடித்து வந்த வழியே திரும்பி வெளியேறும் ஒரு எளிய முறையைச் சொல்லித் தருவதுதான். சில மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லோராலும் அது முடிந்தது. திரும்பி வருவதையும் கற்றுத் தரலாம், அதையும் அளக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

அளவுகோல்கள் வளர்ந்த கதை

போருக்குப் பிறகு இது ஒரு தனி விஞ்ஞானமாகவே ஆனது. 1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ரெண்டு பேர், 'விமானியின் தவறு' என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களை எடுத்து அலசினார்கள். பக்கத்து பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு கைப்பிடிகளில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இழுத்தது போன்ற கதைகள். ஒரே தவறைப் பலர் செய்தால் தவறு ஆளிடமா, கைப்பிடியிடமா? 'மனிதத் தவறு' என்ற முத்திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க ஆரம்பித்த காலம் அது. இந்த வாதத்தால்தான் சக்கரத்தை இறக்கும் கைப்பிடியின் முனையில் சக்கர வடிவக் குமிழ் வந்தது.

அடுத்த கேள்வி: சிமுலேட்டரில் கற்றது ஆகாயத்தில் உதவுகிறதா? ஸ்டான்லி ராஸ்கோ 1971-ல் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். உதாரணத்துக்கு, ஒரு பாடத்தை விமானத்தில் மட்டும் கற்க 10 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரம் சிமுலேட்டரில் பழகினவருக்கு விமானத்தில் 8 மணி நேரம் போதும் என்றால், 4 மணி கொடுத்து 2 மணி மிச்சம். விகிதம் 0.5. இந்த லாபம் முதல் மணி நேரங்களில் அதிகம், போகப் போகக் குறையும் என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். சிமுலேட்டரில் கிடையாய்க் கிடந்தால் மட்டும் ஆகாயத்தில் சூரனாகிவிட முடியாது.

1988-ல் நாசாவில் ஹார்ட், ஸ்டேவ்லேண்ட் இருவரும் இன்னொரு அளவுகோல் செய்தார்கள். ஓட்டினவரிடமே கேட்பது: மூளைக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு, நேர நெருக்கடி எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு? இப்படி ஆறு கேள்வி. கோடு நேராக இருந்தாலும் உள்ளே மனுஷன் மூழ்கிக்கொண்டிருக்கலாம் இல்லையா? அதைப் பிடிக்க.

இன்றைக்கு ஏர்லைன் பைலட்கள் பழகும் பெரிய சிமுலேட்டர் ஆறு ஹைட்ராலிக் அல்லது மின்சாரக் கால்களில் நிற்கும் ஒரு அறை. உள்ளே நிஜ காக்பிட். வெளியே படம். ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த அறை எங்கேயும் போவதில்லை. வேகமெடுக்கும் உணர்ச்சி வரவேண்டுமானால் அறையை மெதுவாகப் பின்னால் சாய்ப்பார்கள். முதுகு சீட்டில் அழுந்த, காது 'ஆஹா, வேகம்' என்று நம்பிவிடும். காதை ஏமாற்றித்தான் சிமுலேட்டரே பிழைக்கிறது! வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதில் தேர்வு. குறிப்பிட்ட உயரத்துக்கு நூறு அடிக்குள் நிற்கிறாரா, வேகம், திசை எல்லாம் வரம்புக்குள் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பதியும். நண்டுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டன.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. நீலகிரி மேல் மேகத்தைப் போட்டும் பறக்கலாம். முள்ளைப் பார்த்து ஓட்டுவது சிரமமாகவே இருக்காது. ஏன் என்று யோசித்தால், என் நாற்காலி அசைவதில்லை. காது பொய் சொல்ல வாய்ப்பே இல்லை. பொய் சொல்லும் காதை எதிர்த்து முள்ளை நம்புவதுதான் பயிற்சி. அந்தப் பொய் இல்லாத இடத்தில் பயிற்சியும் பாதிதான்.

நம்ம நாட்டில்

திசை மயக்கம் நமக்குப் புதுசு இல்லை. 1978 ஜனவரி 1, புத்தாண்டு இரவு. ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ ஜெட் 'எம்பரர் அசோகா' மும்பையிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கீழே கறுப்புக் கடல், மேலே கறுப்பு வானம். கேப்டன் பக்கத்து சாய்வு காட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை நம்பி இடப்பக்கம் சாய்த்தார், சாய்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பி ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பாந்த்ரா கரைக்கு அப்பால் கடலில். 213 பேர். முள்ளை நம்பு என்பதோடு, ஒரே முள்ளை நம்பாதே, பக்கத்து முள்ளோடு ஒத்துப் பார் என்று பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

பயிற்சிக்கு நம்மிடம் இடம் இல்லாமல் இல்லை. விமானப்படையில் ஓட்டச் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கே பள்ளிக்கூடம் நம்ம தாம்பரத்தில் இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் இங்கே வந்தது. 1957-ல் பெங்களூரில் தொடங்கின விமானப்படை மருத்துவ நிலையத்தில் திசை மயக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டும் சிமுலேட்டர் உண்டு. ஹெலிகாப்டர்களுக்கென்று எச்.ஏ.எல்.லும் கனடாவின் சி.ஏ.இ.யும் சேர்ந்து பெங்களூரில் 2010-ல் ஒரு சிமுலேட்டர் மையம் திறந்தன.

அளக்கவும் அளக்கிறார்கள். மேகத்துக்குள் கருவி பார்த்து ஓட்டும் தகுதிக்கு நம் விமானப்படையில் படிநிலைகள் உண்டு. வெள்ளை, பச்சை, அதற்கும் மேல் 'மாஸ்டர் கிரீன்'. அந்த உச்சத் தகுதிக்காரர்தான் ரொம்ப மோசமான பார்வைத் தெளிவிலும் ஏற, இறங்க அனுமதிக்கப்படுபவர்.

இப்ப காட்டேரிக்குத் திரும்பலாம்.

அளவில் வராத ஒன்று

விசாரணை முடிவுகள் வந்த ஜனவரியில், பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. ரயில் பாதையை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தபோது திடீரென்று திரண்ட மேகத்துக்குள் ஹெலிகாப்டர் போனது. அந்தக் குழு முழுவதுமே மாஸ்டர் கிரீன். சமாளித்து வெளியே வந்துவிடலாம் என்று அவர்கள் நம்பியிருக்கலாம், ஏனென்றால் தரைக்கு ஆபத்து அழைப்பு எதுவும் வரவில்லை. அதனால் இனிமேல் முக்கியப் பிரமுகர்களின் பயணங்களில் மாஸ்டர் கிரீன் ஆட்களோடு வேறு தகுதிக்காரர்களையும் கலந்து அமர்த்தினால், தேவைப்படும்போது தரையிடம் உதவி கேட்பார்கள் என்று குழு பரிந்துரைத்ததாகவும் அந்தச் செய்தி சொன்னது.

இதை நான் நாலைந்து தடவை படித்தேன். உச்ச மதிப்பெண் வாங்கினவர்களை மட்டும் ஒன்றாக உட்கார வைக்காதே, அவர்களுக்குப் பக்கத்தில் 'எனக்குச் சந்தேகமா இருக்கு' என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும் என்கிறது பரிந்துரை. அளவுகோலில் குறை இல்லை. அது கையை அளந்தது, சரியாகவே அளந்தது. சந்தேகம் வரும் நேரத்தை அளக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2020 ஜனவரி 26-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்து. மேகத்துக்குள் போன விமானி, 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று கட்டுப்பாட்டு அறையிடம் சொல்கிறார். ஹெலிகாப்டர் அப்போது இடப்பக்கம் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க விசாரணை வாரியம் 2021-ல் கொடுத்த முடிவு மேகத்தில் ஆரம்பிக்கவில்லை. மேகத்துக்குள் போகலாம் என்று தொடர்ந்து பறந்த முடிவில் ஆரம்பித்தது. யாரும் வற்புறுத்தாமலேயே தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட நெருக்கடி, கிளம்பின பயணத்தை முடித்துவிட வேண்டும் என்ற உந்துதல், அந்த நிறுவனத்தின் போதாத மேற்பார்வை - எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதினார்கள். ஹெலிகாப்டர் விமானிகளுக்குத் திசை மயக்கப் பயிற்சிக்கான சிமுலேட்டர் தொழில்நுட்பத்தை ஆராயவும் சொன்னார்கள். அப்படி எழுதினால் அடுத்தவருக்குப் பயன்படும். 'மனிதத் தவறு' என்று மட்டும் எழுதினால் யாருக்குப் பயன்? குன்னூரில் பறந்தவர்களுக்கு மனதில் என்ன இருந்தது என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. அலட்சியம் இல்லை என்று விசாரணையே சொல்லிவிட்டது. நான் கேட்பது அளவுகோலைப் பற்றி.

சிமுலேட்டரில் திரும்பி வருவது சுலபம். அங்கே யாரும் காத்திருப்பதில்லை. மேடை போட்டிருப்பதில்லை. தேர்வு நடக்கிறதென்று ஓட்டுபவருக்கும் தெரியும். நிஜத்தில் இறங்குமிடம் சில கிலோமீட்டர்தான், ஏழெட்டு நிமிஷம்தான் என்று இருக்கும்போது திரும்புவது வேறு விஷயம்.

குன்னூர் ரூட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர்டான ஒரு டிரைவர் அண்ணனை பர்லியார் டீக்கடையில் அடிக்கடி பார்ப்பேன். ஒரு நாள் கேட்டேன். "அண்ணே, மிஸ்ட்டு ரொம்ப இறங்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஓரங்கட்டி நிறுத்திருவேன் தம்பி."

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு உள்ள கத்துவாங்களே?"

"கத்தட்டும். கத்துறதுக்கு ஆள் இருந்தாத்தான கத்த முடியும்?"

முப்பது வருஷத்தில் அவர் எத்தனை தடவை அப்படி நிறுத்தினார் என்று எந்த டிப்போ ரிஜிஸ்டரிலும் இருக்காது. லேட்டா வந்தது மட்டும் இருக்கும்.

வருண் சிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 அக்டோபரில் தேஜஸ் போர் விமானத்தில் தனியாகப் பறந்தபோது கட்டுப்பாட்டு அமைப்பு கோளாறாகி, விமானம் கையை விட்டுப் போனது. குதித்திருக்கலாம். குதிக்காமல் பத்திரமாக இறக்கினார். சௌரிய சக்ரா கிடைத்தது. அதற்குப் பிறகு 2021 செப்டம்பரில் தான் படித்த பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் சுமாரான மாணவன்தான், சுமாராக இருப்பதில் தப்பில்லை, மதிப்பெண்ணை வைத்து வாழ்க்கையை முடிவு கட்டாதீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்ன கடிதம். அவர் இறந்தபோது நாடே அதைப் படித்தது. மார்க்குக்குள் அடங்காத ஒன்று மனுஷனிடம் இருக்கிறது என்று அந்த மார்க்கெல்லாம் வாங்கிக் காட்டினவரே எழுதினது.

அவருக்குக் கிடைத்த பதக்கம் நூறு சதவீதம் நியாயம். இன்னொரு பதக்கமும் இருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். மேகத்தைப் பார்த்தார், திரும்பினார், ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு. ஒன்றும் நடக்காததை எப்படி அளப்பது என்பீர்கள். சிரமம்தான். ஆனால் 1954-லேயே அந்த அரை வட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, மார்க் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சிமுலேட்டர் தேர்வில் உயரம், வேகம், திசைக்குப் பக்கத்தில் 'எந்த நொடியில் திரும்ப முடிவெடுத்தார்' என்று ஒரு கட்டம் போடலாம். பயிற்சி ஆசிரியரே பின்னாலிருந்து 'சார் காத்துக்கிட்டிருக்கார், ஏழு நிமிஷம்தான்' என்று நச்சரிக்கலாம். பதிவேட்டில் திரும்பி வந்த பயணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கி, அதைக் குறையாக இல்லாமல் நிறையாக எழுதலாம்.

நண்டு வரைந்த கோடு விமானம் போன வழி. எனக்கு வேண்டியது போகாத வழிக்கும் ஒரு கோடு. பாதி வழியில் திரும்பி வந்தவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. போடணும் என்பது என் கட்சி.